செட்டிநாட்டில் இருந்தபடி கிளவுட் வேலைக்குத் தயாராவது எப்படி? பில்லைப் பாடப்புத்தகமாக்கும் முழு வழிகாட்டி

சான்றிதழ் தேர்வுக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். கிளவுட் படிக்கலாம் என்று இறங்குகிற பலரும் முதலில் செய்வது அதைத்தான். நீளமான வீடியோ வகுப்பு, ஒரு தேர்வு, லிங்க்ட்இன்னில் ஒரு பேட்ஜ். அப்புறம் நேர்காணலில் "வெப்சைட் திறக்கலை, எங்கேயிருந்து பார்ப்பீங்க?" என்ற முதல் கேள்வியிலேயே திணறல்.

இங்கே வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். முதலில் லினக்ஸும் நெட்வொர்க்கும். அடுத்து ஒரு கிளவுட் கணக்கு. அதில் பில் பக்கத்தை வரிவரியாகப் படிப்பது. பிறகு கையால் கட்டிய ஒரு வேலை. சான்றிதழ் அதற்கும் பிறகு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் நீங்கள் பி.சி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., டிப்ளமோ, பி.இ. என்று எதைப் படித்திருந்தாலும் இந்த வரிசை பொருந்தும். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு முதல் ஒன்பது மாதத்தில் விண்ணப்பிக்கும் நிலைக்கு வரலாம் என்பது என் கணிப்பு. "45 நாளில் வேலை உறுதி" என்று போர்டு வைத்திருப்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசுங்கள்.

கிளவுட் என்பது என்ன ஏற்பாடு

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து பணம் சம்பாதிக்கப் போன நகரத்தார், கிட்டங்கி என்ற பொதுக் கூடத்தில் இருந்து தொழில் செய்த கதை இந்தப் பக்கத்து வீடுகளில் புதிதல்ல. ஒரே நீளக் கூடம், அதில் பல விலாசங்கள் (தொழில் நிறுவனங்கள்), ஆளுக்கொரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை. கூடமும் கூரையும் பொது. பெட்டகத்துச் சாவியும் பேரேடும் அவரவருடையது. கிளவுடும் இதே ஏற்பாடுதான். கட்டடம், மின்சாரம், குளிரூட்டல், காவல் எல்லாவற்றையும் அமேசானோ மைக்ரோசாஃப்டோ கூகுளோ பார்த்துக்கொள்ளும். தேவையான இடத்தை நீங்கள் மணிக்கணக்கில், சில சேவைகளில் நொடிக்கணக்கில், வாடகைக்கு எடுக்கிறீர்கள். உங்கள் பெட்டகத்தை நீங்களே திறந்து போட்டுவிட்டுப் போனால் கூடத்துக்காரர் பொறுப்பல்ல. எது அவர்கள் பொறுப்பு, எது நம் பொறுப்பு என்ற இந்தப் பிரிவினை தேர்விலும் வரும், நேர்காணலிலும் வரும்.

இன்று நாம் பார்க்கிற வடிவம் 2006-ல் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், ஆகஸ்டில் இசி2 என்ற வாடகை சர்வரையும் வெளியிட்டது. இந்தியாவில் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸ்யூர் 2015-ல் புனே, சென்னை, மும்பை என மூன்று இடங்களில் வந்தது. அமேசானின் கிளவுடான ஏ.டபிள்யூ.எஸ். மும்பையில் 2016-லும் ஐதராபாத்தில் 2022-லும் திறந்தது. கூகுள் 2017-ல் மும்பைக்கும் 2021-ல் டெல்லிக்கும் வந்தது. இப்படி ஒரு நிறுவனம் சர்வர்களை வைத்திருக்கும் ஒவ்வொரு இடத்தையும் ரீஜியன் என்பார்கள். சேவைகளின் விலை ரீஜியனுக்கு ரீஜியன் மாறும் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

என்ன வேலைக்குப் போகிறோம்

"கிளவுட் இன்ஜினியர்" என்ற பெயரில் அனுபவமில்லாதவருக்கு வேலை கிடைப்பது அரிது. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. முதல் வேலை பெரும்பாலும் வேறு பெயரில் வரும்: டெக்னிக்கல் சப்போர்ட், லினக்ஸ் அட்மின், எல்1 (முதல் நிலை) மானிட்டரிங், கிளவுட் ஆபரேஷன்ஸ் டிரெய்னி. அலாரம் அடித்தால் பார்ப்பது, டிக்கெட்டை எடுத்து எழுதி வைத்திருக்கும் முறைப்படி சரிசெய்வது, முடியாவிட்டால் மேலே தள்ளுவது. ஓரிரு வருடம் இதைச் செய்தவர்தான் டெவ்ஆப்ஸ் (நிரல் வெளியீட்டைத் தானாக நடக்கவைப்பது), எஸ்.ஆர்.இ. (சேவை விழாமல் காப்பது), கிளவுட் செக்யூரிட்டி பக்கம் நகர்கிறார். தேடும்போது இந்தப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள்.

பி.காம். படித்தவர்கள் இந்த இடத்தில் பக்கத்தை மூட வேண்டாம். கிளவுட் செலவைக் கண்காணித்துக் குறைப்பதற்கென்றே ஃபின்ஆப்ஸ் என்ற துறை வளர்ந்திருக்கிறது. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இயங்கும் ஃபின்ஆப்ஸ் ஃபவுண்டேஷன் இதற்குத் தனிச் சான்றிதழ் தருகிறது. செலவை எந்தத் துறையின் கணக்கில் எழுதுவது, ஒரு வருடத்துக்கோ மூன்று வருடத்துக்கோ முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் எவ்வளவு மிச்சம், ஆளில்லாமல் ஓடும் சர்வர் எது என்று கண்டுபிடிப்பது இவர்கள் வேலை. வரவு செலவு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆனால் கீழே வரும் தொழில்நுட்பப் படிகளை அவர்களும் தாண்டித்தான் ஆக வேண்டும்.

படி 1: லினக்ஸும் நெட்வொர்க்கும்

அவசரப்படாமல் இரண்டு மாதம் இங்கேயே உட்காருங்கள். கிளவுட் சர்வர்களில் பெரும்பங்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தில்தான் ஓடுகிறது. 8 ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும். விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. அதற்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் (WSL) என்ற வசதி மூலம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக்கொள்ளலாம், அல்லது கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே இலவசம். ஃபைல்களுக்குள் உலாவுவது, அனுமதிகளை மாற்றுவது, கிரெப் (grep) கட்டளை வைத்து லாக்கில் (நடந்ததைப் பதிந்து வைக்கும் ஃபைலில்) தேடுவது, ஒரு சேவையை நிறுத்தித் தொடங்குவது, எஸ்எஸ்ஹெச் (SSH) சாவி உருவாக்கி வேறொரு கணினிக்குள் நுழைவது, கிரான் (cron) மூலம் ஒரு வேலையை நேரம் குறித்து ஓடவைப்பது. இவ்வளவும் பார்க்காமல் கைக்கு வர வேண்டும்.

நெட்வொர்க்கில் ஐ.பி. முகவரி (கணினியின் எண் விலாசம்), சப்நெட் (அந்த முகவரிகளின் ஒரு தொகுதி), டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றுவது), போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண்), ஃபயர்வால் (எதை உள்ளே விடலாம் என்று தடுக்கும் காவல்) ஆகிய ஐந்தும் தெளிவாக இருந்தால் பாதிக் கிளவுட் புரிந்த மாதிரி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: 10.0.0.0/24 என்ற சப்நெட்டில் எத்தனை முகவரிகள்? 256. அதையே ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் உருவாக்கினால் உங்களுக்குக் கிடைப்பது 251 மட்டும். ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்தை அவர்கள் தமக்கென எடுத்துக்கொள்கிறார்கள். நேர்காணலில் அடிக்கடி கேட்கப்படும் சின்னக் கேள்வி இது.

இந்தப் படி முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் நிரலைப் போட்டு ஒரு பக்கத்தைத் திறக்கவையுங்கள். பிறகு நண்பர் ஒருவரை விட்டு எதையாவது கெடுக்கச் சொல்லுங்கள். இப்போது வரிசையாகத் தேடுங்கள். பெயர் சரியான ஐ.பி. முகவரியாக மாறுகிறதா? டிக் (dig) கட்டளை சொல்லும். அந்த முகவரிக்குப் போய்ச் சேர முடிகிறதா? போர்ட் 80 அல்லது 443 திறந்திருக்கிறதா, ஃபயர்வால் மறிக்கிறதா? கர்ல் (curl) போட்டுப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் ஓடுகிறதா? சிஸ்டம்சிடிஎல் (systemctl) சொல்லும். ஓடவில்லை என்றால் ஏன்? லாக்கைத் திறங்கள். லாக்கிலும் ஒன்றும் புலப்படவில்லையா, டிஸ்க் நிரம்பிக் கிடக்கிறதா என்று டிஎஃப் (df) போட்டுப் பாருங்கள். இந்தத் தேடலை வாய்விட்டு, வரிசை மாறாமல் சொல்ல வந்துவிட்டால், முன்னே சொன்ன அந்த முதல் கேள்விக்கு விடை உங்களிடம் இருக்கிறது.

படி 2: ஒரே ஒரு கிளவுட்

மூன்றையும் ஒன்றாகப் படிக்காதீர்கள். பாடப்பொருளும் வேலை அறிவிப்புகளும் அதிகமாகக் கண்ணில் படுவது ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கு, எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் அதை எடுங்கள். கல்லூரி மாணவராக இருந்து, கையில் கிரெடிட் கார்டு இல்லை என்றால் அஸ்யூர் வசதி. கல்லூரி மின்னஞ்சலை வைத்து 'அஸ்யூர் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்' கணக்கு தொடங்கினால், கார்டு இல்லாமலே 100 டாலர் கிரெடிட் கிடைக்கும். ஒன்றில் ஊறியவருக்கு இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள அதிக காலம் ஆகாது.

படி 3: கணக்கைத் திறந்து, பில்லைப் படிப்பது

பழைய வீடியோக்கள் "12 மாதம் இலவசம்" என்று சொல்லும். 2025 ஜூலை 15-க்குப் பிறகு தொடங்கும் ஏ.டபிள்யூ.எஸ். கணக்குகளுக்கு அது பொருந்தாது. இப்போது கணக்குத் திறந்ததும் 100 டாலர் கிரெடிட் தருகிறார்கள். சொல்லும் சில பயிற்சிகளைச் செய்தால் மேலும் 100 டாலர் வரை சேரும். அவற்றில் ஒன்று, செலவு வரம்பு வைக்கும் பட்ஜெட்டை அமைப்பது. நாம் எப்படியும் செய்ய வேண்டிய வேலைக்கே காசு கிடைக்கிறது! இலவசத் திட்டம் ஆறு மாதம் அல்லது கிரெடிட் தீரும் வரை, எது முதலோ அதுவரை. கட்டணத் திட்டத்துக்கு நீங்களாக மாறாத வரை கார்டில் பணம் பிடிக்கமாட்டார்கள்.

கணக்குத் திறந்த அன்றைக்கே, வேறு எதையும் தொடுவதற்கு முன், நான்கு காரியங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். அதன்பின் ரூட்டைப் பூட்டி வைத்துவிட்டு, அன்றாட வேலைக்குத் தனிப் பயனர் ஒன்றை உருவாக்குங்கள். ஐந்து டாலர் தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி பட்ஜெட் வையுங்கள். ஒரு ரீஜியனை முடிவுசெய்து அதிலேயே இருங்கள். வேறு ரீஜியனில் மறந்துவிட்ட சர்வர் நீங்கள் பார்க்கும் திரையில் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும். இந்த நான்கோடு ஒரு எச்சரிக்கை: நிரல்கள் உங்கள் கணக்குக்குள் நுழையப் பயன்படும் அணுகல் சாவியை எந்தக் காரணத்துக்காகவும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடாதீர்கள். பொதுவில் விழும் சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே நாள் முழுக்க ஓடும் நிரல்கள் இருக்கின்றன. அப்படிச் சிக்கிய சாவியில் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிவிட்டுப் போவார்கள். இலவசத் திட்டத்தில் உங்கள் கிரெடிட் கரையும், கட்டணத் திட்டத்தில் பில் உங்கள் பெயருக்கு வரும்.

இனி பில். என் கருத்தில் கிளவுடின் ஆகச் சிறந்த பாடப்புத்தகம் அதுதான். பில்லின் ஒவ்வொரு வரியும் ஒரு கருத்து. சர்வர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது ஒரு வரி. டிஸ்க் எத்தனை ஜி.பி., எத்தனை நாள் இருந்தது என்பது இன்னொரு வரி. சர்வரை நிறுத்தினாலும் டிஸ்க் வரி நிற்காது. இதைப் பில்லில் ஒரு தடவை பார்த்தவர் நிறுத்துவதற்கும் அழிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கமாட்டார். இணையத்தில் இருந்து உள்ளே வரும் தரவுக்குக் காசில்லை. வெளியே போவதில் மாதம் 100 ஜி.பி. வரை இலவசம், அதற்குமேல் கட்டணம். பெரிய நிறுவனங்கள் ஒரு கிளவுடை விட்டு இன்னொன்றுக்குப் போகத் தயங்கியதற்கு இந்த வரியும் ஒரு காரணமாக இருந்தது.

சின்ன வரிகளைக் குறிப்பாகக் கவனியுங்கள். பொது ஐ.பி.வி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரி 1 முதல் மணிக்கு 0.005 டாலர். ஒன்றுமில்லை போலத் தெரியும். மாதத்துக்கு 720 மணி என்று பெருக்கினால் 3.6 டாலர். வீடியோவைப் பார்த்துப் பலர் போட்டு வைக்கும் நாட் கேட்வேக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா ரீஜியனில் மணிக்கு 0.045 டாலர். யாரும் பயன்படுத்தாமல் சும்மா கிடந்தாலே மாதம் 32 டாலர் தாண்டும், அதன் வழியே போகும் தரவுக்குத் தனி. "தனி சப்நெட்டில் இருக்கும் சர்வர் எப்படி இணையத்துக்குப் போகும்?" என்ற கேள்விக்கு விடையும் அதே நாட் கேட்வேதான். விலையோடு சேர்த்துப் படித்தால், அது எங்கே தேவை, எங்கே வேண்டாம் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. ஞாயிறு தோறும் அரை மணி நேரம் பில் பக்கத்தைத் திறந்து, புரியாத வரி எதுவென்று ஒரு நோட்டில் எழுதி, அதைத் தேடிப் படியுங்கள்.

படி 4: ஒரு பலகாரக் கடையை மூன்று விதமாகக் கட்டுவது

உங்கள் தெருவிலும் ஒரு ஆச்சி இருப்பார். தேன்குழல், அதிரசம், சீப்புச் சீடை, மாவுருண்டை ஆர்டர் எடுத்துச் செய்துகொடுப்பார். அவருக்கு ஆர்டர் வாங்கும் ஒரு தளம் கட்டுங்கள். வெறும் பயிற்சியாகச் செய்தாலும் சரி, அவர் சம்மதித்தால் உண்மையாகவே பயன்படுத்தினாலும் சரி. இந்தத் தொழிலின் கூட்டம் ஒரே சீராக இருக்காது. ஆடியில் ஈயாடும், தீபாவளிக்கு முந்தின வாரம் போன் ஓயாது. கிளவுட் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

முதல் சுற்றில் எல்லாம் கையால். ஒரு விபிசி (கிளவுடுக்குள் உங்களுக்கென்று ஒரு தனி நெட்வொர்க்), பொதுச் சப்நெட், சின்ன இசி2 சர்வர், என்ஜின்எக்ஸ், ஒரு பைத்தான் நிரல், அருகிலேயே ஒரு டேட்டாபேஸ். சர்வரின் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பில், எஸ்எஸ்ஹெச் வழி நுழையும் போர்ட் 22-ஐ உலகத்துக்கே திறந்துவிடாமல் உங்கள் முகவரிக்கு மட்டும் திறங்கள். ஒரு வாரம் ஓடவிட்டு என்ன செலவானது என்று எழுதி வையுங்கள்.

இரண்டாவது சுற்றில் சர்வரே இல்லாமல். பக்கங்கள் எஸ்3-ல், அதன் முன்னால் பக்கங்களை வேகமாகக் கொண்டுசேர்க்கும் கிளவுட்ஃபிரண்ட், ஆர்டர் வந்தால் மட்டும் ஓடும் லாம்டா, ஆர்டர்களைச் சேமிக்க டைனமோடிபி என்ற டேட்டாபேஸ். லாம்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்புகள் வரையும், டைனமோடிபியில் 25 ஜி.பி. வரையும் எப்போதும் இலவசம் என்பதால் ஆச்சியின் கடைக்குச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது முதல் சுற்றைவிடக் கடினம். லாக் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும். எதில் என்ன லாபம், என்ன தொல்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த ஒரு பக்கம்தான் நேர்காணலில் உங்களுக்காகப் பேசும்.

மூன்றாவது சுற்றில் அதே அமைப்பை, நிரலைப் படித்துக் கிளவுட் அமைப்பைக் கட்டித்தரும் டெராஃபார்ம் என்ற கருவிக்கான நிரலாக எழுதுங்கள். ஒரு கட்டளையில் முழுவதும் எழும்ப வேண்டும், இன்னொரு கட்டளையில் முழுவதும் அழிய வேண்டும். அழித்துவிட்டு மறுநாள் பில்லைப் பாருங்கள். ஏதாவது ஒரு வரி இன்னும் ஓடினால் எதையோ விட்டிருக்கிறீர்கள். நிரல்கள் எல்லாம் கிட்ஹப்பில், வரைபடமும் செலவுக் குறிப்பும் சேர்ந்து இருக்கட்டும்.

படி 5: நிரல் எவ்வளவு தெரிய வேண்டும்

டெவலப்பர் அளவுக்கு வேண்டாம். பைத்தானில் ஒரு ஃபைலைப் படித்து, ஒரு ஏபிஐயை (இன்னொரு நிரலிடம் தகவல் கேட்கும் வாசலை) அழைத்து, அது ஜேசான் என்ற வடிவில் தரும் தகவலைப் பிரிக்கத் தெரிந்தால் தொடங்கலாம். பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளைக் கோத்து எழுதுவது), கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைப்பது), டாக்கர் (நிரலை அதற்கு வேண்டியவற்றோடு பொட்டலமாகக் கட்டுவது) மூன்றும் கட்டாயம். அந்தப் பொட்டலங்களைக் கூட்டமாக நிர்வகிக்கும் குபெர்னடீஸை முதல் வேலை கிடைக்கும் வரை தள்ளி வைத்தால் குடி முழுகிவிடாது.

படி 6: இப்போது சான்றிதழ்

ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் பிராக்டீஷனர் தேர்வு 90 நிமிடம், 65 கேள்வி, 100 டாலர். 1000-க்கு 700 தேறினால் போதும். சொல்யூஷன்ஸ் ஆர்கிடெக்ட் அசோசியேட் 130 நிமிடம், 65 கேள்வி, 150 டாலர், 720 மதிப்பெண். இரண்டும் மூன்று வருடம் செல்லும். கணினி படித்தவர்கள், மேலே உள்ள படிகளை முடித்திருந்தால், முதலாவதை விட்டு நேராக இரண்டாவதுக்குப் போகலாம். மற்றவர்களுக்கு முதலாவது நல்ல ஏணி. தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதி விலைக் கூப்பனும் கிடைக்கும்.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை: ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது 30 நிமிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். தேர்வுத் தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

அஸ்யூர் பக்கம் ஏஇசட்-900 அடிப்படைத் தேர்வு, அது காலாவதி ஆகாது. ஏஇசட்-104 நிர்வாகிகளுக்கானது, வருடா வருடம் இணையத்தில் இலவசமாகப் புதுப்பிக்கலாம்.

வீட்டில் இருந்தே எழுதுவதாக இருந்தால் உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள். நடுத் தேர்வில் கரண்ட் போய் இணைப்பு அறுந்தால் படும் அவதியை நினைத்தால், மதுரை, திருச்சிப் பக்கம் மையம் கிடைக்கிறதா என்று பார்ப்பது மேல். கசிந்த கேள்விகளை 'டம்ப்' என்ற பெயரில் விற்பவர்களிடம் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும்.

படிக்கக் காசு செலவழிக்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை. ஏ.டபிள்யூ.எஸ். ஸ்கில் பில்டர், மைக்ரோசாஃப்ட் லேர்ன் இரண்டிலும் இலவசப் பாடங்கள் நிறைய. கருத்தியல் பின்னணிக்கு ஐ.ஐ.டி.க்களின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் கிளவுட் கம்ப்யூட்டிங் பாடம் உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்திலோ அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியிலோ சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலோ படிப்பவர்கள், 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் இந்தப் பருவத்துக்கு என்ன பாடம் வந்திருக்கிறது என்று துறையில் விசாரியுங்கள்.

இன்னொரு நல்ல படிப்பு, பெரிய நிறுவனங்கள் தங்கள் சேவை விழுந்தபின் வெளியிடும் விளக்க அறிக்கைகள். 2017 பிப்ரவரி 28 அன்று எஸ்3 முடங்கியதற்குக் காரணம், ஒரு கோளாறைத் தேடிச் சரிசெய்யும்போது ஒரு கட்டளையில் தவறாகப் போட்ட ஒரு உள்ளீடு. 2025 அக்டோபர் 20 அன்று வர்ஜீனியா ரீஜியனில் நடந்த பெரிய முடக்கம் டைனமோடிபியின் டிஎன்எஸ் பதிவில் தொடங்கியது. இவற்றைப் படித்து உங்கள் சொற்களில் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலத்தில் தொழில்நுட்பம் பேசும் பயிற்சியும் அதிலேயே சேர்ந்துவிடும்.

படி 7: வேலை தேடுவது

ரெஸ்யூமே ஒரு பக்கம். "கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர்" என்பதற்குப் பதில், "பலகார ஆர்டர் தளத்தை சர்வரிலிருந்து லாம்டாவுக்கு மாற்றினேன், மாதச் செலவு இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைந்தது" என்று எழுதுங்கள். எண் உங்கள் பில்லில் இருக்கிறது. புதிதாக வருபவர்களில் செலவைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. நேர்காணல் எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சென்னை, பெங்களூரு, கோவை மூன்றிலும் தேடுங்கள். மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐ.டி. பூங்காக்களில் உள்ள நிறுவனங்களையும் விடாதீர்கள். வார இறுதியில் ஊருக்கு வர அதுதான் பக்கம். சென்னை நேர்காணலுக்குக் காரைக்குடியில் இருந்து காலைப் பல்லவன் ரயில் இருக்கிறது. ஆனால் அது சென்னை சேரவே மதியம் ஆகிவிடும். காலை நேரத்து நேர்காணல் என்றால் முந்தின ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு மூன்று வருடப் போலி அனுபவம் தயார் செய்து தருகிறேன் என்று சிலர் வருவார்கள். பி.எஃப். கணக்கின் யூஏஎன் வரலாற்றை வைத்தே நிறுவனங்கள் அதைச் சரிபார்க்கின்றன. சேர்ந்து ஆறு மாதம் கழித்து வெளியே அனுப்பப்பட்டால் அடுத்த இடத்தில் சொல்ல பதில் இருக்காது.

சப்போர்ட் வேலை என்றால் ராத்திரி ஷிஃப்ட் உண்டு. "ராத்திரியெல்லாம் முழிச்சு அப்படி என்ன வேலை, ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று வீட்டில் ஆத்தாவும் அப்பச்சியும் கேட்பார்கள். அமெரிக்காவில் அப்போது பகல், அங்கே சர்வர் விழுந்தால் இங்கே நாம்தான் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆஃபர் கடிதம் வந்ததும் ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும், ராத்திரிப்படி உண்டா, வண்டி அனுப்புவார்களா, பாண்ட் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாண்டுக்காக அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டு அன்றே கையோடு திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.